சுவரைத் துளைத்த கொடிகள்

பிரான்சின் சோமூர் நகரிலிருந்து லுவார் நதியின் தென்கரையை ஒட்டிக் கிழக்கே போனால் சூஸே-ஷாம்பிஞி என்ற சிற்றூர் வருகிறது. ஊருக்கு மேலே மேட்டில் ஒரு பழைய திராட்சைத் தோட்டம். தோட்டத்துக்குள் வரிசை வரிசையாகக் கற்சுவர்கள். எல்லைக்காகக் கட்டியவை அல்ல. கொடிகளுக்கு நடுவிலேயே நிற்கின்றன. ஒவ்வொரு சுவரின் கீழ்ப்பகுதியிலும் சிறு சிறு துளைகள். கொடியைச் சுவரின் வடக்குப் பக்கம் நட்டிருக்கிறார்கள். அது துளைக்குள் புகுந்து தெற்குப் பக்கம் வெளிவந்து, வெயில் படும் கல்லில் படர்ந்து காய்க்கிறது. வேருக்கு நிழலும் ஈரமும், குலைக்கு வெயில். பகலெல்லாம் சூடேறிய கல் இரவிலும் குலைகளுக்கு வெப்பம் தருகிறது.

இதைச் செய்தவர் அந்துவான் கிரிஸ்தால். துணி வியாபாரத்தில் பணம் சேர்த்துவிட்டு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பக்கத்து ஊரான பார்னேயில் தோட்டம் வாங்கி ஒயின் செய்ய வந்தவர். அரசியல்வாதி கிளெமென்சோவும் ஓவியர் மோனேயும் அவருடைய நண்பர்கள். பார்னேயில் வெள்ளைத் திராட்சைக்கு இப்படிச் சுவர் கட்டினார். சூஸேயில் சிவப்புக்குக் கட்டினார். இறுதிக் காலத்தில் சூஸே தோட்டத்தைச் சோமூர் மருத்துவமனைக்குத் தானமாக எழுதிவைத்தார். ஒரு குலை திராட்சைக்குக் கொஞ்சம் கூடுதல் வெயில் கிடைப்பதற்காக ஒரு மனிதர் கிலோமீட்டர் கணக்கில் சுவர் எழுப்பியிருக்கிறார் என்பதை நேரில் பார்த்தபோதுதான், குளிர்ப் பிரதேசத்தில் சிவப்பு ஒயின் செய்வது எவ்வளவு பெரிய பிடிவாதம் என்று எனக்குப் புரிந்தது.

இந்த ஊர்கள் ஏறத்தாழ 47 பாகை வட அட்சரேகையில் இருக்கின்றன. ஒயினுக்குப் பெயர்போன போர்தோ இங்கிருந்து தெற்கே இரண்டு பாகைக்கும் மேல் தள்ளி. இங்கே விளையும் சிவப்புத் திராட்சை கபெர்னே ஃப்ரான். உலகமெங்கும் பயிராகும் கபெர்னே சோவிஞோனின் பெற்றோரில் இது ஒன்று. கபெர்னே ஃப்ரானும் வெள்ளைத் திராட்சையான சோவிஞோன் பிளாங்கும் கலந்து பிறந்ததுதான் கபெர்னே சோவிஞோன் என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் மரபணுச் சோதனையில் நிறுவினார்கள். மெர்லோவும் இதன் வாரிசுதான். பிள்ளைகள் உலகப் புகழ் அடைந்துவிட்டார்கள்; மூத்தவர் லுவார் கரையில் தங்கிவிட்டார். போர்தோவில் இதைக் கொஞ்சமாகக் கலப்புக்குச் சேர்ப்பார்கள். ஷினோன், பூர்கேய், சோமூர்-ஷாம்பிஞி ஆகிய பகுதிகளில் பெரும்பாலும் இது ஒன்றை மட்டும் வைத்தே ஒயின் செய்கிறார்கள். கபெர்னே சோவிஞோனைவிடச் சில நாட்கள் முன்னதாகவே பழுத்துவிடும் என்பதால்தான் இது இந்தக் குளிரில் தாக்குப்பிடிக்கிறது.

பாரிஸ் மோன்பார்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் தூர் நகரை அடைய ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து சின்ன ரயில் ஷினோனுக்குப் போகிறது. நான் போனது அறுவடைக் காலம். காலையில் வியன் நதியின் மேல் மூடுபனி படுத்திருந்தது. பத்து மணிக்கு மேல்தான் மறுகரை தெரிந்தது. மதியம் ஷினோன் கோட்டைச் சுவரில் சாய்ந்து நின்றால் வெயில் இதமாக இருக்கும். மாலை ஆறு மணிக்குக் கம்பளிச் சட்டை இல்லாமல் நிற்க முடியாது. இந்த ஏற்ற இறக்கத்தில்தான் திராட்சையின் கடைசி வாரங்கள் கழிகின்றன.

கோட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க் வந்து பிரான்சின் ஏழாம் சார்லஸைச் சந்தித்த இடம் இது. சுற்றுலாப் பயணிகள் அதற்காகத்தான் வருகிறார்கள். ஒயினுக்காக வருகிறவர்கள் நதிக்கரையில் இருக்கும் ஒரு சிலையிடம் போவார்கள். அது ரபெலேயின் சிலை. துறவியாக இருந்து மருத்துவராகி எழுத்தாளரான ரபெலே பிறந்தது ஷினோனுக்கு அருகிலுள்ள லா தெவினியேர் பண்ணைவீட்டில். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். 1534ஐ ஒட்டி வந்த 'கார்காந்துவா' நாவலிலேயே இந்தத் திராட்சையின் ஒயினைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். உள்ளூர்க்காரர்கள் இன்றும் அவர் பயன்படுத்திய ப்ரெத்தோன் என்ற பெயரிலேயே இதை அழைக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளாக ஒரே ஊர், ஒரே திராட்சை.

இந்தக் குளிரால் என்ன பயன்? வெப்பமான நாட்டில் திராட்சை வேகமாகச் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் சாற்றில் 17 கிராம் சர்க்கரை இருந்தால் நொதித்தபின் ஏறத்தாழ ஒரு சதவீத ஆல்கஹால் வரும். வெயில் அதிகமான இடங்களில் 14, 15 சதவீதம் சாதாரணம். சர்க்கரை ஏற ஏறப் புளிப்பு கரைந்துவிடும். தோலின் மணமும் விதையின் துவர்ப்பும் முதிர்வதற்குள் சர்க்கரை முந்திக்கொள்ளும். குளிரான இடத்தில் எல்லாம் மெதுவாக நடக்கின்றன. குளிர்ந்த இரவு புளிப்பைக் காப்பாற்றுகிறது. ஆகஸ்டில் நிறம் மாறத் தொடங்கும் குலை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோதான் கூடைக்கு வருகிறது. புகைமூட்டம் போட்டு அவசரமாகப் பழுக்கவைத்த வாழைத்தாருக்கும் மெல்லப் பழுத்த தாருக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். இனிப்பு இரண்டிலும் உண்டு. மணம் ஒன்றில்தான் இருக்கும்.

மெதுவாகப் பழுப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. பழுக்காத கபெர்னே ஃப்ரானில் பைரசின் என்ற சேர்மம் தங்கிவிடும். பச்சைக் குடைமிளகாயை வெட்டும்போது வரும் அதே வாசனை. கொஞ்சம் இருந்தால் ஒயினுக்கு ஓர் இலைப் புத்துணர்ச்சி. அதிகமானால் வாயை இறுக்கும் கசப்பான பச்சை. லுவார் சிவப்புகளுக்கு ஒரு காலத்தில் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது இதுதான். எழுபதுகளின் மோசமான மழை ஆண்டுகளில் சாற்றில் சர்க்கரை கலந்து ஆல்கஹாலை உயர்த்தினார்கள். அது சட்டம் அனுமதித்த வழக்கமே. ஆனால் சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலை ஏற்றலாம், பழுத்த மணத்தை ஏற்ற முடியாது. பைரசினுக்கு உண்மையான மருந்து தோட்டத்தில்தான் இருக்கிறது: கொடிக்கு இத்தனை குலைதான் என்று குறைப்பது, காலை வெயில் படும் பக்கத்தில் குலையை மறைக்கும் இலைகளைக் கிள்ளுவது, அறுவடையை ஒரு வாரம் தள்ளிப்போடும் துணிவு. கிரிஸ்தாலின் சுவரும் இந்த மருந்தின் ஒரு வடிவம்தான்.

ஷினோனில் ஒரு குடும்பத் தோட்டத்துக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். மகள் நிலத்தையும் தந்தை நிலவறையையும் பார்த்துக்கொள்கிறார்கள். மகள் முதலில் ஒயினைத் தரவில்லை. நதிக்கரை நிலத்துக்கு அழைத்துப்போனார். வியன் நதி பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து போட்ட கூழாங்கல்லும் மணலும். காலடியில் சரசரவென்று நழுவியது. பிறகு மேட்டுச் சரிவு. அங்கே களிமண்ணுக்குக் கீழே துஃபோ என்ற மிருதுவான சுண்ணாம்புக்கல். நகத்தால் கீறினால் தூளாக உதிரும் வெளிர் மஞ்சள் கல். ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடலின் அடியில் படிந்தது. மழைநீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, வறண்ட மாதங்களில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. லுவார் கரையின் அரண்மனைகளை இந்தக் கல்லில்தான் கட்டினார்கள். கல் வெட்டியெடுத்த சுரங்கங்கள் பின்னால் ஒயின் நிலவறைகளாகவும் காளான் பண்ணைகளாகவும் மாறின. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ்; மின்சாரச் செலவு இல்லாத குளிர்சாதன அறை.

அந்த நிலவறையில், விளக்கின் கீழ், இரண்டு நிலங்களின் ஒயினையும் அடுத்தடுத்து ஊற்றினார்கள். ஒரே திராட்சை, ஒரே குடும்பம், ஒரே ஆண்டு. கூழாங்கல் நிலத்து ஒயின் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியும் அளவுக்கு மெல்லிய நிறம். ராஸ்ப்பெரி, ஊதாப்பூ, ஈரமண் வாசனை. வாயில் பழரசம் போல ஓடி, முடிவில் ஒரு சின்னத் துவர்ப்பை விட்டுப் போனது. இரண்டு மூன்று ஆண்டுகளில் குடித்துவிட வேண்டியது என்றார் தந்தை. சுண்ணாம்புச் சரிவு ஒயின் வேறு குணம். நிறம் சற்று அடர்த்தி. முதலில் ஒன்றுமே பேசவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கருஞ்செர்ரி, பென்சில் சீவல், புகையிலை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நாக்கின் இரண்டு பக்கமும் நுண்ணிய பொடி தூவியது போல ஒரு துவர்ப்பு. இரண்டிலும் ஆல்கஹால் 13 சதவீதத்துக்கு உள்ளேதான். தொண்டையில் சூடு இல்லை.

அப்புறம் தந்தை உள்ளே போய், பூஞ்சை படர்ந்த, பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு புட்டியைக் கொண்டுவந்தார். 1989. வெயில் நன்றாக அமைந்த ஆண்டு. ஷினோனில் இன்றும் அதன் பெயரைச் சொல்கிறார்கள். நிறம் செங்கல்லாக மாறியிருந்தது. காய்ந்த இலை, தோல், அத்திப்பழம், அதற்கு அடியில் இன்னமும் உயிரோடு ஒரு புளிப்பு. ஒயினைப் பல பத்தாண்டுகள் நிற்கவைப்பது அந்தப் புளிப்புதான். மெல்லியது சீக்கிரம் சாகும் என்று நினைப்பவர்கள் இந்த ஊரின் பழைய புட்டி ஒன்றையாவது குடித்துப் பார்க்க வேண்டும். அடர்த்தி வேறு, ஆயுள் வேறு.

நிலத்துக்கு நிலம் ஷினோன் ஒயின் வேறுபடுவதை உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஷார்ல் ஜொகே. ஓவியரும் சிற்பியுமான அவர் 1957இல் தந்தைக்குப்பின் குடும்பத் தோட்டத்தைக் கையில் எடுத்தார். அதுவரை ஊர் வழக்கம், எல்லா நிலத்துத் திராட்சையையும் ஒன்றாகக் கலந்து மொத்த வியாபாரிக்கு விற்பது. ஜொகே ஒவ்வொரு நிலத்தின் ஒயினையும் தனித்தனியாகப் புட்டியில் அடைத்தார். க்ளோ த லா தியோத்ரீ, க்ளோ து ஷேன் வேர் என்று நிலத்தின் பெயரையே ஒட்டினார். அமெரிக்க இறக்குமதியாளர் கெர்மிட் லிஞ்ச் அவரைத் தேடி வந்தார். இன்று ஷினோனின் நல்ல தோட்டக்காரர்கள் அனைவரும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

அடுத்து விலை. அந்தக் குடும்பத்தில் கூழாங்கல் ஒயின் ஒரு புட்டி 10 யூரோவை ஒட்டி. சுண்ணாம்புச் சரிவு 15க்கும் 20க்கும் இடையில். கையால் பறித்து, நிலவறையில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கக்கூடிய ஒயினுக்கு இந்த விலை. போர்தோவின் முதல் தரப் பெயர்கள் நூற்றுக்கணக்கான யூரோவுக்குப் போகின்றன. பூர்கோஞும் குளிர்ப் பிரதேசம்தான். அங்கே புகழ்பெற்ற ஊரின் பெயர் வந்தாலே ஷினோனின் மேல்தர ஒயினைவிடப் பல மடங்கு விலை. ஆகவே குளிர்ப் பிரதேச ஒயின் மலிவு என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஷினோன் மலிவாக இருப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஒயினின் தரம் அவற்றில் ஒன்றல்ல என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

முதல் காரணம் நிலத்தின் விலை. போர்தோவின் போய்யாக் ஊரில் ஒரு ஹெக்டேர் திராட்சை நிலம் இருபது லட்சம் யூரோவைத் தாண்டுகிறது. ஷினோனில் சில பத்தாயிரம் யூரோ. போய்யாக்கில் வாங்குகிறவர் வட்டியையும் சேர்த்துத்தான் புட்டிக்கு விலை வைக்க முடியும். ஷினோனில் தாத்தாவிடமிருந்து வந்த நிலத்தை உழுகிறவருக்கு அந்தச் சுமை இல்லை. நிலமும் பெரும்பாலும் மென்சரிவு; ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கு போலச் செங்குத்தான பாறைச் சரிவில் ஏறி இறங்கி வேலை செய்ய வேண்டியதில்லை. கூலிச் செலவு அந்த அளவுக்கு மிச்சம்.

இரண்டாவது, பழக்கம். ஷினோனும் பூர்கேயும் தங்கள் பெயரில் ஒயின் விற்கும் சட்ட உரிமையை 1937இலேயே பெற்றுவிட்டன, சோமூர்-ஷாம்பிஞி 1957இல். இருந்தாலும் இவை பாரிஸின் சிறு உணவகங்களில் குவளைக் கணக்கில் ஊற்றும் அன்றாட ஒயின்களாகவே நெடுங்காலம் இருந்தன. அன்றாடப் பொருளுக்கு யாரும் பெரிய விலை தருவதில்லை. எண்பதுகளிலிருந்து உலகச் சந்தையின் ரசனை வேறு பக்கம் திரும்பியது. அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நூற்றுக்கு மதிப்பெண் போடும் முறையைப் பரவலாக்கினார். ஒரே மேசையில் ஐம்பது ஒயின்களை வரிசையாகச் சுவைத்து மதிப்பெண் போடும்போது, அடர்ந்த, இனிப்பான, புது மரப்பீப்பாய் மணம் வீசும் ஒயின் முன்னால் வந்து நிற்கும். மெல்லப் பேசும் ஒயின் பின்னால் போய்விடும். பத்து நொடியில் சுவைத்துத் துப்புவதற்கும், இரண்டு மணி நேரம் சாப்பாட்டோடு அருந்துவதற்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. அந்தப் பிழையின் பலனை இன்று அனுபவிக்கிறவர்கள் ஷினோனை வாங்குகிறவர்கள்.

தரத்துக்கு விலை வரவே வராது என்றும் இல்லை. சோமூர் பக்கத்து ஷாஸே ஊரின் க்ளோ ரூஜார் தோட்டத்தில் ஷார்லி, நாதி என்ற ஃபூகோ சகோதரர்கள் களைக்கொல்லி தெளிக்காமல், மிகக் குறைந்த விளைச்சலில், ஆழ்ந்த நிலவறையில் ஒயினை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து செய்தார்கள். அதே கபெர்னே ஃப்ரான், அதே சுண்ணாம்பு. அந்த ஒயின் இன்று நூற்றுக்கணக்கான யூரோ. 2017இல் தோட்டமே பெரும் தொழிலதிபர்களான புயிக் சகோதரர்களின் கைக்குப் போய்விட்டது. அவ்வளவு விலை கொடுத்து வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் இந்த மண்ணால் என்ன முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்தத் தோட்டத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, அதே கல்லின் மேல் விளைந்த நல்ல ஒயின் 15 யூரோவுக்குக் கிடைக்கிறது.

தோட்டக்காரர்களின் கவலை விலை அல்ல, உறைபனி. ஏப்ரலில் தளிர் விடும். வெப்பநிலை மைனஸ் இரண்டு மூன்று பாகைக்கு இறங்கினால் ஒரே இரவில் தளிர் கருகி அந்த ஆண்டு விளைச்சல் போய்விடும். 1991 ஏப்ரலில் அப்படித்தான் போயிற்று. 2016, 2017, 2021 ஆகிய ஆண்டுகளிலும் அடி விழுந்தது. எச்சரிக்கை வந்த இரவுகளில் ஊரே தூங்குவதில்லை. ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் மெழுகுக் குப்பிகளை வரிசைகளுக்கு நடுவே கொளுத்தி வைக்கிறார்கள். உயரமான காற்றாடிகளைச் சுழற்றி மேலே உள்ள வெப்பக் காற்றைக் கீழே தள்ளுகிறார்கள். சில நிலங்களில் கொடியின் மேல் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளே இருக்கும் தளிரைக் காக்கிறது. பூமி வெப்பமாவதால் இந்த ஆபத்து குறையவில்லை. குளிர்காலம் மிதமாகிக் கொடி முன்கூட்டியே தளிர்க்கிறது. உறைபனி தன் பழைய நாளில் வந்து அந்த இளந்தளிரைப் பிடித்துக்கொள்கிறது.

வெப்பம் ஒரு நன்மையும் செய்திருக்கிறது, அதை மறைக்க முடியாது. பச்சை மணம் அடித்த ஒயின்கள் இன்று அபூர்வம். 2018, 2020, 2022 போன்ற ஆண்டுகளில் திராட்சை முழுமையாகப் பழுத்தது. சர்க்கரை கலக்கும் பேச்சே இல்லை. ஆனால் 14 சதவீதத்தைத் தொடும் ஷினோன்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் தந்தை இளமையில் அறுவடையை எவ்வளவு தள்ளிப்போடலாம் என்று வானத்தைப் பார்த்தவர். மகள் எவ்வளவு சீக்கிரம் பறிப்பது என்று கணக்குப் போடுகிறார். வடக்கு நோக்கிய நிலங்களை முன்பு ஒதுக்கிவைத்தார்கள். இப்போது அவற்றைத் தேடுகிறார்கள். கிரிஸ்தால் இன்று இருந்திருந்தால் சுவரின் எந்தப் பக்கம் குலையை விட்டிருப்பார் என்பது உண்மையான கேள்வி. குளிர் போய்விட்டால் இந்த ஒயினின் குணமும் போய்விடும். எனக்கு அதுதான் வருத்தமாக இருக்கிறது.

சோமூர்ப் பக்கம் குகைகளுக்குள் உணவகங்கள் இருக்கின்றன. விறகடுப்பில் உப்பி வரும் ஃபுவே என்ற சிறு ரொட்டியைச் சூடாகப் பிளந்து, உள்ளே வெள்ளைப் பீன்ஸோ, கொழுப்பில் நெடுநேரம் வெந்து நார்நாராகப் பிரிந்த பன்றி இறைச்சியோ வைத்துத் தருகிறார்கள். கூடவே சேன்த்-மோர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. சாம்பல் பூசிய உருளை, நடுவே ஒரு வைக்கோல் குச்சி. எனக்கு வியப்பாக இருந்தது ஆற்று மீனோடு சிவப்பு ஒயினை ஊற்றியது. மீனுக்கு வெள்ளை என்ற விதி எல்லோரும் அறிந்தது. கனமான துவர்ப்பு மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்புச் சுவை வரும். இந்த மெல்லிய சிவப்பு, வெண்ணெய்ச் சாறு ஊற்றிய மீனோடு பிசிறில்லாமல் போயிற்று. நம் சாப்பாட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பது என் அனுபவம். ஆல்கஹாலும் துவர்ப்பும் மிகுந்த ஒயின் மிளகாய்க் காரத்தை எரிச்சலாக்குகிறது. குளிரவைத்த ஷினோன் மிளகுக் கோழியோடும் கத்தரிக்காய்க் குழம்போடும் அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது.

இந்தியாவில் இந்த ஒயின்கள் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இறக்குமதி வரி அவற்றின் முக்கியமான நற்குணமான விலையைத் தின்றுவிடுகிறது. ஒயின் அருந்தும் பழக்கமுள்ளவர்கள் பாரிஸுக்கோ லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ போகும்போது தேடிப் பாருங்கள். பட்டியலில் போர்தோவுக்கும் பூர்கோஞுக்கும் கீழே, யாரும் பார்க்காத வரியில் ஷினோன், பூர்கேய், சேன்-நிக்கோலா-த-பூர்கேய், சோமூர்-ஷாம்பிஞி என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கும். உடனே குடிப்பதென்றால் இளம் ஆண்டைக் கேளுங்கள். பொறுமை இருந்தால் நிலத்தின் பெயர் போட்ட புட்டியை வாங்கி ஐந்தாறு ஆண்டு வையுங்கள். சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது கல்வீடுகளில் குளிர்ந்து கிடந்த ஐரோப்பிய அறைகளுக்குச் சொன்னது; சென்னை அறைக்கு அது பொருந்தாது. 14 முதல் 16 பாகை போதும். குளிர்சாதனப் பெட்டியில் அந்த அளவுக்குக் குளிரும்வரை வைத்திருந்து எடுங்கள். 15 யூரோவுக்கு இதைவிட நல்ல சிவப்பு ஒயினை நான் வேறெங்கும் குடித்ததில்லை.